ஒரு மணி நேர ஊர்

ஆந்திரேயாஸ் பிக்லர் 2012இல் எடுத்த ‘வெனிஸ் சிண்ட்ரோம்’ ஆவணப்படத்தைச் சிதம்பரத்துக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். சுற்றுலா ஓர் ஊரை என்ன செய்யும் என்று சொல்கிற படம். அதன் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நம் ஊரைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன, சில தப்பாகத் தெரிகின்றன.

படத்தின் பலம், கேமராவை ஊர்க்காரர் பக்கம் திருப்பியது. வாடகை கட்டுப்படியாகாமல் தீவை விட்டு வெளியேறுகிறவர்கள், நகராட்சியைச் சாடும் முதிய பெண்மணி, தானும் போய்விடலாமா என்று யோசிக்கும் வீட்டுத் தரகர் எனப் பேசுகிறவர்கள் அவர்களே. 1951இல் பழைய வெனிஸில் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். படம் வந்தபோது 60,000க்கும் குறைவு. 2022இல் 50,000க்கும் கீழே. இந்த இழப்பை மனிதர்களின் முகத்தில் காட்டியது பெரிய காரியம்.

ஆனால் 1971க்குள்ளேயே சுமார் 65,000 பேர் போய்விட்டார்கள். இன்றைய ராட்சத உல்லாசக் கப்பல்கள் அப்போது வரவில்லை. 1966 வெள்ளமும் ஈரம் ஏறிய தரைத்தள வீடுகளும் விரட்ட, எதிர்க்கரை நிலப்பகுதியில் மெஸ்த்ரே பக்கம் எழுந்த அடுக்குமாடிகளும் மார்கேரா ஆலை வேலைகளும் இழுத்துக்கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். படம் முடியும்போது பழி முழுவதும் பயணியின் தலையில் விழுகிறது. 2024இல் வெனிஸ் சில நாட்களில் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கூட்டம்தான் நோய் என்று நம்புகிற வைத்தியம் அது.

சிதம்பரத்துக்கு அந்த மருந்து ஒத்துவராது. ரத வீதிகளின் திண்ணை வீடுகள் கடைகளாகவும் லாட்ஜுகளாகவும் மாறியது உண்மை. அந்த மாற்றத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாணவர்களின் பெற்றோரும் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் துணையாட்களும் இந்த அறைகளில்தான் தங்கினார்கள். வெளியூர்ப் பயணியோ தங்குவதே அபூர்வம். நவக்கிரகச் சுற்றுலாப் பேருந்துக்கு நாம் வைத்தீஸ்வரன்கோவிலுக்கு முன்னாலோ பின்னாலோ வருகிற ஒரு நிறுத்தம். நடராஜரைத் தரிசித்து, முடிந்தால் கொத்சு சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். உச்சி வேளையில் நடை சாத்திய பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு மாலை வரை போக்கிடம் காட்ட நம்மிடம் ஏற்பாடு இல்லை. வெனிஸின் பிரச்சினையை ஆள் கணக்கில் சொல்லலாம். நம்முடையதை மணிக் கணக்கில்தான் சொல்ல முடியும்.

1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி இதற்கு விலக்கு. சிவராத்திரியை ஒட்டி நாடெங்கிலும் இருந்து வரும் நடனக் கலைஞர்கள் நாள்கணக்கில் தங்குகிறார்கள். டிக்கெட் கிடையாது, காய்கறி வாங்க வந்தவரும் உட்கார்ந்து பார்க்கலாம். கோபுரங்களில் 108 கரணங்களைச் செதுக்கி வைத்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளிகள் யார்? ஒரு குழுவுக்குச் சில நிமிடங்களே கிடைப்பதும், ஆட்டம் பல நேரம் கேமராவைப் பார்த்தே நடப்பதும் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் நம்மிடம் உள்ள சுற்றுலாவில் இதுவே மேலானது.

பயணியே வராவிட்டால் ஊர் பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது. கடலூரில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பாருங்கள். 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை ஊர்கள் அவர்களுக்குச் சொந்தமாயின. குண்டு சாலை என்ற பெயர் மிச்சம். தென்னிந்தியாவில் அவர்களின் தலைமையிடமாகவும் சில ஆண்டுகள் இருந்த அந்தக் கோட்டை, கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடக்கிறது. பக்கத்துச் சில்வர் பீச்சுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிதம்பரத்துக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தில்தான் வெனிஸ் படம் உண்மையாகக் கைகொடுக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் ஊருக்குள் இல்லாமல் போய் இங்கே உப்பங்கழியில் நிற்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற காடு. 2004 சுனாமியின்போது பின்னாலிருந்த கிராமங்களுக்கு அரணாக நின்ற காடு. ஆனால் படகில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இங்கே படமாக்கிய ‘இதயக்கனி’யும் ‘தசாவதார’மும்தான். முன்பு முறை வைத்து மரங்களை மொட்டையாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, உப்புநீர் தேங்கி, காட்டில் பெரும்பகுதி பட்டுப்போன கதை பயணியின் காதுக்கு வருவதில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டுக் கன்றுகளை நட்டார்கள். பயணி செல்பேசியில் படம் பிடிக்கும் பச்சையில் ஒரு பகுதி அப்படி மண்வெட்டியால் மீண்டது. மோட்டார் படகின் அலையோ கரைச் சேற்றை அரிக்கிறது.

அந்தச் சேற்றோரத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் இருளர் மக்கள். பயணிக்கு அவர்கள் படகோரம் நகர்ந்துபோகும் காட்சி. இங்கே ஓர் ஆவணப்படம் எடுக்க வருகிறவர் படகுத்துறையின் டிக்கெட் ஜன்னல் திறப்பதற்கு முன்பே வந்துவிட வேண்டும். கழுத்தளவு நீரில் நிற்கும் ஒருவரின் பார்வை உயரத்தில் கேமராவை வைத்து, அன்றைய முதல் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும்.