பையில் அடங்கும் தரைநிலையம்: எல்லை மலைகளில் எஸ்ஓ-50

ஐந்து வாட் கைரேடியோ ஒன்று, கேட்பதற்கு மட்டும் இன்னொன்று, கையில் பிடித்துத் திருப்பும் யாகி ஆன்டெனா, இயர்போன், செயற்கைக்கோள் எப்போது கடக்கும் என்று சொல்லும் கைபேசிச் செயலி. செல்போன் கோபுரம் எட்டாத மலையில் நின்று விண்வெளி வழியாகப் பேச இவ்வளவு போதும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய மலைகளில் இந்தச் செட்டைச் சோதித்ததில் எனக்கு ஒன்று உறுதியானது. ரேடியோ எதுவானாலும் சரி, நிற்கும் இடம் சரியில்லையென்றால் பேச்சு நடக்காது.

நம்பிப் போனது எஸ்ஓ-50. சவுதி அரேபியாவில் உருவாகி 2002 டிசம்பரில் ஏவப்பட்ட சிறு செயற்கைக்கோள். 145.850 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால், அதை 436.795-இல் திருப்பி ஒலிபரப்பும். அது அனுப்பும் சக்தி வெறும் கால் வாட். செயற்கைக்கோளின் ரிப்பீட்டர் உறங்கிக் கிடந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு விநாடி அனுப்பி எழுப்ப வேண்டும். பத்து நிமிடம் விழித்திருக்கும். இந்த டோனைத் தனி மெமரியில் பதியாமல் மலையேறக் கூடாது. டாப்ளர் விளைவால் செயற்கைக்கோளின் குரல் நம்மை நெருங்கும்போது 436.805-இலும், விலகும்போது 436.785-இலும் கேட்கும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரி போட்டுவைத்தால் வேலை சுலபம். நாம் அனுப்பும் அலைவரிசையில் மாற்றம் சிறிதுதான். அதைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது ரேடியோவை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம் குரல் மேலே போய்த் திரும்புவதைக் காதால் கேட்டால்தான் ஆன்டெனா சரியான திசையில் இருக்கிறதா, நாம் யாருடைய பேச்சிலாவது குறுக்கிடுகிறோமா என்று தெரியும். அனுப்பிக்கொண்டே கேட்கும் வசதி கென்வுட் டிஎச்-டி72 கைரேடியோவில் இருந்தது. அந்த மாடல் உற்பத்தியில் இல்லை. மலிவான ரேடியோக்கள் இரண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

ஆன்டெனா, இரும்பு அளவுநாடாவை வெட்டி பி.வி.சி. குழாயில் பொருத்திய வீட்டுத் தயாரிப்பு. தோட்டத்து ஜீப்பில் நசுங்கினாலும் புதரில் உரசினாலும் மடங்கி நிமிர்ந்துகொள்ளும். குரல் திடீரென மங்கினால் திசையை மாற்றாமல் மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். அலையின் முனைவாக்கம் மாறியிருந்தால் அதிலேயே குரல் மீண்டுவிடும்.

இடத்துக்கு வருவோம். தடையில்லாத தொடுவானத்தில், தலைக்கு மேலாகக் கடக்கும் எஸ்ஓ-50 சுமார் பதின்மூன்று நிமிடம் கேட்கும். சுற்றிலும் முப்பது பாகை உயரத்துக்கு மலை மறைத்தால் மிஞ்சுவது நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மூணாறு பள்ளத்தாக்குகளில் பல இடங்கள் இப்படித்தான். சோலைக்காட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். மழையில் நனைந்த இலைக்கூட்டம் 436 மெகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். மூடுபனி ஒன்றும் செய்யாது. தேயிலைச் சரிவு நல்ல இடம்: இடுப்பளவுச் செடி, மேலே திறந்த வானம். எனக்கு மிகவும் பிடித்தது நெல்லியாம்பதியின் சீதார்குண்டு. கீழே கொல்லங்கோட்டுச் சமவெளி விரிய, வடக்கு வானம் தொடுவானம் வரை திறந்து கிடக்கிறது. டாப் ஸ்டேஷனில் தேனிப் பக்கம் அதே போல் கிழக்கு. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டமே என்றாலும் சாலை சேத்துமடை வழியாகத் தமிழகத்திலிருந்துதான். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதியில்லாமல் ஆன்டெனாவோடு இறங்கலாகாது.

உலகெங்கும் ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோ இயக்குபவர்கள், தாங்கள் பேசித் தொட்ட வரைபடக் கட்டங்களைச் சேகரிக்கிறார்கள். பாலக்காடும் மூணாறும் ஒரே கட்டம், எம்கே80. பத்து பாகை வட அட்சக்கோட்டைத் தாண்டி இடுக்கி அணைக்குப் போனால் எம்ஜே89. ஒரே நாளில் இரண்டையும் ஒலிபரப்பலாம்.

இந்தச் செட் ஆபத்தில் உதவுமா என்று கேட்பவர்களுக்கு மூணாறு அருகே உள்ள பெட்டிமுடியை நினைவில் வைத்தே பதில் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மண்சரிவில் 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி மறுநாள் காலைதான் வெளியே வந்தது. எஸ்ஓ-50 நாளில் சில முறைதான் தலைக்கு மேல் வரும். அது வரும்வரை புதைந்தவர்கள் காத்திருக்க முடியாது. அந்த மலைகளுக்கு வேண்டியது உச்சியில் நிற்கும் வி.எச்.எஃப். ரிப்பீட்டரும், லயங்களில் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும். செயற்கைக்கோள் பழகியவர் அந்த ஆட்களில் ஒருவராக எளிதில் ஆவார். ஆன்டெனாவைக் குறிவைக்கவும், பேட்டரியைச் சிக்கனமாகச் செலவிடவும், அரைநிமிடத்தில் செய்தியைச் சொல்லி முடிக்கவும் கை பழகியிருக்கும்.

நமக்கென்றும் ஒரு செயற்கைக்கோள் இருந்தது. 2005 மே 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிச்சென்ற ஹேம்சாட், 2014 வரை நம் ஹாம்களுக்கு உழைத்தது. 42.5 கிலோ எடை. இந்திய டிரான்ஸ்பாண்டரோடு, டச்சு மாணவர் ஒருவர் செய்த டிரான்ஸ்பாண்டரும் அதில் இருந்தது. அந்த அளவுக்கு நெடுநாள் உழைத்த இந்திய அமெச்சூர் செயற்கைக்கோள் பிறகு வரவில்லை. இஸ்ரோ இன்னொன்று அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடங்களுக்காகவாவது.

இந்தச் செட்டை வாங்க நினைப்பவர்கள் முதலில் மத்திய அரசின் ஹாம் தேர்வை எழுதி உரிமம் பெறுங்கள். அதில்லாமல் அனுப்பும் பொத்தானை அழுத்துவது சட்டப்படி குற்றம். வனச் சோதனைச் சாவடியில் காட்ட உரிம நகல் பையிலேயே இருக்கட்டும். கேட்பதற்கு உரிமத் தேர்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று எண்ணுபவர்களும் விதியைப் படித்துவிட்டே ரேடியோ வாங்குவது நல்லது. பணம் மிஞ்சினால் விலை கூடிய ரேடியோவுக்குப் போகாமல், நல்ல இயர்போனும் உபரி பேட்டரியும் வாங்குங்கள்.