நின்றுகொண்டு எழுதுவது

நின்று எழுதும் மேசை வாங்குமுன் ஒரு ஒத்திகை. சாப்பாட்டு மேசைமேல் அரிசி டப்பாவைக் கவிழ்த்து, மணைப்பலகை போட்டு, அதன்மேல் லேப்டாப். உயரத்துக்கு ஒரே கணக்குதான்: தோளைத் தளர்த்தி நின்றால் முழங்கை செங்கோணமாக மடங்கி விரல் எழுத்தில் படிய வேண்டும். கை அமைந்தது, கழுத்து குனிந்தது. திரையை உயர்த்தினால் தோள் ஏறிக்கொண்டது. லேப்டாப்பை அலமாரித் தட்டுக்கு ஏற்றிவிட்டு, பலகையில் தனிக் கீபோர்டு வைத்ததும்தான் இந்தச் சண்டை தீர்ந்தது.

முதல் நாள் நாற்பது நிமிடம். மொசைக் தரை குதிகாலைப் பதம் பார்த்தது. பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். குட்டி முக்காலியில் காலை மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புக்கு என்ன சுகம்! போன் பேச, மெயில் பார்க்க நிற்பதே மேல். கணக்குப் பார்க்க மட்டும் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஹெமிங்வே கியூபா வீட்டில் புத்தக அலமாரிமேல் டைப்ரைட்டரை வைத்து நின்றபடி எழுதியவர். அது அவர் இஷ்டம். நம் ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான்.

மேசை இன்னும் வாங்கவில்லை. டப்பாவும் அடுப்படிக்குத் திரும்பவில்லை.