ரயில் போன தடத்தில் ஒரு சைக்கிள்

டோப்லாக்கிலிருந்து கோர்த்தினாவுக்குப் போகும் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் மிதிக்காத ஒருவர் ‘ஆல்ப்ஸைப் பார்த்துவிட்டேன்’ என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கேபிள் காரில் ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்து, காபி குடித்துவிட்டு இறங்கியவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் பார்த்தது வேறு மலை, அவ்வளவுதான். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வீட்டில் பேச்சு. பிடித்தால் பிடிக்கட்டும், இப்படியொரு பித்து எல்லோருக்கும் ஒருமுறையாவது பிடிக்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் வடகிழக்கு மூலை, ஆஸ்திரிய எல்லையோரம், டோலமைட் மலைகள். யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே சாம்பல் நிறச் சுண்ணப்பாறைக் கோட்டைகள். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவிடம் இருந்த பகுதி என்பதால் டோப்லாக்கில் இன்றும் பலகைகளில் ஜெர்மன் பெயரும் இத்தாலியப் பெயரும் சேர்ந்தே இருக்கும். இதே ஊரை இத்தாலியர்கள் டோபியாக்கோ என்பார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,240 மீட்டர் உயரம். ரயிலில் வந்து இறங்கலாம், சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பழைய ரயில் தடம் அங்கிருந்து கிளம்பி கோர்த்தினா வழியாகக் காலால்ட்ஸோ வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் போகிறது. அத்தனையும் மலைக்குள்ளே. கார், லாரி, பஸ் எதுவும் இல்லை.

சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. கண் முன்னால் இருக்கும், காது முதுகுக்குப் பின்னால் இருக்கும். லாரி வருகிறதா, பஸ் ஓரம் கட்டுகிறதா என்று பாதி மனசு பின்னாலேயே கிடக்கும். மலைச்சாலை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் நாம். டோப்லாக்கை விட்டுக் கிளம்பியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பின்னாலிருந்து மனைவியின் குரல்.

“என்னங்க, பின்னாடி நான்தான் வர்றேன். வேற யாரும் வரல.”

“பழக்கம்... போக மாட்டேங்குது.”

“மலையைப் பாருங்க மொதல்ல. அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?”

பார்த்தேன். அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தேன். காது முன்னால் வந்து சேர்ந்ததும் என்னென்னவோ கேட்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே ஓடும் ஓடை, மாட்டு மணி, டயருக்கடியில் பொடிக்கற்கள் நொறுங்கும் சத்தம். இதற்காகவே விமானம் ஏறலாம் என்பேன்.

‘உயர்ந்த மலையில் சைக்கிளா? என் முழங்கால் தாங்குமா?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. இது ரயில் ஏறிய வழி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏற வேண்டுமென்றால் ஏற்றம் மென்மையாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் அன்றைய பொறியாளர்கள் மலையை வளைத்து வளைத்து, பாலம் கட்டி, குகை குடைந்து, ஏற்றத்தைப் பரப்பிப் போட்டிருக்கிறார்கள். பாதையின் உச்சமான சீமாபாங்கே கணவாய் 1,530 மீட்டரில் இருக்கிறது. டோப்லாக்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் 290 மீட்டர்தான் ஏறுகிறோம். நூறு மீட்டர் மிதித்தால் இரண்டு மீட்டர் உயர்வோம். ஏறுகிறோம் என்பதே பல இடங்களில் தெரியவில்லை. ‘ஏன் இன்றைக்குக் கால் கொஞ்சம் கனக்கிறது?’ என்று யோசிக்கும்போதுதான் தெரிகிறது. சுற்றிலும் மூவாயிரம் மீட்டர்ச் சிகரங்கள் செங்குத்தாக எழுந்து நிற்க, நாம் மட்டும் கடைத்தெருவுக்குப் போகிற நிதானத்தில் நடுவே போய்க்கொண்டிருப்போம். இந்த அநியாயச் சலுகை உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்?

அந்த ரயில் வந்த கதையும் லேசுப்பட்டதல்ல. முதல் உலகப்போரில் இந்தப் பள்ளத்தாக்குதான் போர்முனை. வடக்கே ஆஸ்திரியப் படை, தெற்கே இத்தாலியப் படை. இரண்டு தரப்பும் முனைக்குக் குண்டும் ரொட்டியும் கொண்டுபோக ஆளுக்கொரு பக்கமிருந்து சின்னத் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தன. போர் முடிந்து, பகுதி முழுவதும் இத்தாலியின் கைக்கு வந்த பிறகு எதிரிகள் போட்ட இரண்டு துண்டுகளும் ஒரே பாதையாகி, 1921-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. 950 மில்லிமீட்டர் அகலக் குறுகிய பாதை. 1929-இல் மின்சாரம் வந்தது. 1956-இல் கோர்த்தினாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது கூட்டத்தைச் சுமந்தது இந்தக் குட்டி ரயில்தான். பிறகு ஆளாளுக்குக் கார் வாங்கினார்கள். 1964-இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். கார் விரட்டிய ரயில் விட்டுப்போன தடம், இன்று காரே நுழைய முடியாத பாதை. எனக்கு இதில் ஒரு குரூரத் திருப்தி உண்டு என்பதை மறைக்கவில்லை.

சரி, மிதிப்போம். ஊரைத் தாண்டியதும் டோப்லாக் ஏரி. இந்த ஊர்ப்புறத்தில்தான் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1908 முதல் 1910 வரை கோடைகளைக் கழித்தார். ஒன்பதாவது சிம்ஃபனியை எழுதிய மரக்குடிசை இன்னும் இருக்கிறது. ஏரியைக் கடந்தால் பள்ளத்தாக்கு குறுகி, பாறைகள் நெருங்கி வரும். வழியில் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று. வரிசை வரிசையாக மரச்சிலுவைகள். வேகமாக வந்தவர்களும் அங்கே இறங்கி நிற்கிறார்கள்.

அடுத்து லாந்த்ரோ. இடது பக்கம் மலைச்சுவரில் ஒரு திறப்பு வரும், அங்கே நிறுத்த மறந்துவிடாதீர்கள். அந்தத் திறப்பின் கோடியில் தெரிபவைதான் த்ரே சீமே, டோலமைட்டின் புகழ்பெற்ற மூன்று சிகரங்கள். பெரியதன் உயரம் 2,999 மீட்டர். ஒரே ஒரு மீட்டர் போட்டு மூவாயிரமாக்கியிருக்கக் கூடாதா என்று இயற்கையிடம் கேட்கத் தோன்றும். இதே சிகரங்களை அருகில் பார்க்கச் சுங்கம் கட்டிக் காரில் மேலே போகிறார்கள். நமக்கு இங்கே, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, காசில்லாமல்! கொஞ்சம் தள்ளி லாந்த்ரோ ஏரி, பின்னணியில் 3,221 மீட்டர் கிறிஸ்தல்லோ. காற்றில்லாத காலையில் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கிறது. நான் எடுத்த படங்களைப் பார்த்து மனைவி சலித்துக்கொண்டாள், “எல்லாம் ஒரே படமாத்தான் இருக்கு.” ஒரே படம்தான். என்ன செய்ய, நகர மனசில்லை.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் 51-ஆம் எண் நெடுஞ்சாலையும் ஓடுகிறது. சில இடங்களில் பாதைக்குப் பக்கத்திலேயே வரும், சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களைப் பார்த்தபடி மிதிப்பதும் ஒரு சுகம்தான்.

சீமாபாங்கேவில் மூச்சு வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு காலுக்கு வேலையே இல்லை. கோர்த்தினா வரை இறக்கம். இந்த இறக்கத்தில்தான் ரயில்காரர்களின் கைவண்ணம் முழுசாகத் தெரிகிறது. குகைப்பாதைகள் வரும், உள்ளே நுழைந்ததும் கோடை சட்டென்று அணைந்து, பாறை வியர்த்து, குளிர் முகத்தில் அடிக்கும். முன்விளக்கு இல்லாமல் போகாதீர்கள். அவற்றை ஒட்டியே ஃபெலிட்ஸோன் ஓடையின் மேல் ஒரு பாலம். கீழே குனிந்தால் தண்ணீர் பாறையை அறுத்துக்கொண்டு ஆழத்தில் போகிறது. அங்கே நான் நின்ற நேரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தரை இந்தப் பகுதியில் தார் அல்ல, பொடி ஜல்லியை இறுக்கிப் போட்டது. மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் இங்கே வேண்டாம்.

கோர்த்தினா அழகான ஊர், பணக்கார ஊர். 1956-க்குப் பிறகு 2026-இலும் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய ஊர். விலைகளும் ஒலிம்பிக் உயரத்தில்தான். பழைய ரயில் நிலையம் இப்போது பஸ் நிலையம். எனக்கு இந்த ஊரில் வேண்டியது ஒன்றே ஒன்று: காசுன்சியேய். பீட்ரூட்டை உள்ளே வைத்துச் சோமாசி போல மடித்து வேகவைத்து, உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் தூவித் தருவார்கள். சைவக்காரர்கள் இந்த மலையில் பட்டினி கிடப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பசியோடு இறங்கி வந்து அதைச் சாப்பிட்டவர்கள் பிற்பாடு பீட்ரூட்டைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பலர் கோர்த்தினாவோடு திரும்பிவிடுகிறார்கள். பெரிய தப்பு! அதற்குக் கீழே காலால்ட்ஸோ வரை தார் போட்ட வழவழப்பான பாதை, மேலும் இறக்கம். சான் வீத்தோ என்ற ஊரில் ஒரு பக்கம் பெல்மோ மலை, இன்னொரு பக்கம் 3,264 மீட்டர் அந்தெலாவோ. எந்தப் பக்கம் பார்ப்பது என்று கழுத்துக்குத்தான் வேலை. ஆங்காங்கே ரயில் காலத்து நிலையக் கட்டடங்கள் நிற்கின்றன. முடிவில் பியேவே தி காதோரே, ஓவியர் டிஷியன் பிறந்த ஊர். அதை அடுத்து காலால்ட்ஸோவில் உண்மையான ரயில் காத்திருக்கிறது. அதில் ஏறி வெனிஸ் பக்கம் போய்விடலாம்.

குழந்தைகளோடு வருபவர்கள் டோப்லாக்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு சாதாரணப் புல்வெளி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் விழும் மழை ரியன்ஸ் ஆற்றில் சேர்ந்து ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகும். மறுபக்கம் விழுவது ட்ராவ் ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியே கருங்கடலுக்குப் போகும். அந்த ட்ராவ் ஆற்றோடு கூடவே ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரம் வரை 45 கிலோமீட்டர் சொச்சம், ஐந்நூறு மீட்டருக்கும் மேலான இறக்கம். ஆறு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். பின்னால் இழுவண்டியில் கைக்குழந்தையும் நாயும். நாட்டு எல்லையை எப்போது தாண்டினோம் என்றே தெரியாது, யாரும் நிறுத்துவதில்லை. தாண்டியதும் ஹைன்ஃபெல்ஸில் லோவாக்கர் வேஃபர் தொழிற்சாலை, பக்கத்திலேயே அவர்கள் கடை. பிள்ளைகள் அங்கே பிரேக் போட்டே தீருவார்கள், பெரியவர்களும்தான். லியன்ஸில் சைக்கிளோடு ரயில் ஏறித் திரும்பிவிடலாம். தைரியம் இருந்தால் திரும்பவே வேண்டாம். பாதை ஆற்றோடு ஸ்லோவேனியாவின் மரிபோர் வரை போகிறது.

எனக்கு இன்னும் உயரம் வேண்டும், வியர்வை வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இதே டோலமைட்டில் செல்லா மலையைச் சுற்றி நான்கு கணவாய்ச் சாலைகள். பொர்தோய் 2,239 மீட்டர், கார்தேனா 2,121, காம்போலோங்கோ 1,875, கூடவே செல்லா. சாதாரண நாளில் அங்கே மோட்டார் பைக்குகளின் உறுமலில் மலை எதிரொலிக்கும். ஆனால் நாங்கள் போன ஜூன் சனிக்கிழமை அந்தச் சாலைகள் முழுவதையும் காலை எட்டரையிலிருந்து பிற்பகல் வரை மூடி, சைக்கிள்களுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். செல்லாரோண்டா பைக் டே என்று பெயர். பந்தயமும் இல்லை, கட்டணமும் இருக்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் சுற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றம் மட்டும் 1,600 மீட்டருக்கு மேல். பொர்தோய்க்கும் அரப்பா என்ற ஊருக்கும் இடையே மட்டும் 33 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எழுபது வயதுக்காரர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மானம் போனது. போகட்டும்! சாலையின் முழு அகலமும் எங்களுடையது, கீழே வளைவுகளில் வண்ண வண்ணச் சட்டைகள் ஆயிரக்கணக்கில் ஏறி வந்தன, சக்கரங்களின் சத்தத்தைத் தவிர வேறில்லை. மின்சார சைக்கிளில் வந்த மனைவி மேலே எனக்கு முன்பே போய் ஸ்ட்ரூடல் சாப்பிட்டு முடித்திருந்தாள் என்பது இங்கே தேவையில்லாத தகவல்.

போக நினைப்பவர்களுக்கு நான்கு வார்த்தை. பனிக்காலத்தில் டோப்லாக்–கோர்த்தினா தடம் பனிச்சறுக்குப் பாதையாகிவிடும், சைக்கிளுக்கு இடமில்லை. ஆகஸ்டில் இத்தாலி முழுக்க விடுமுறை என்பதால் பாதையில் சைக்கிள் நெரிசலே வந்துவிடுகிறது. லியன்ஸிலிருந்து திரும்பும் ரயிலிலும் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூன் பிற்பகுதியோ செப்டம்பரோ பாருங்கள். மழைச்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் கட்டாயம், மதியத்துக்கு மேல் இடி மின்னல் சொல்லாமல் வரும். விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம், அகலமான டயர் போட்ட வாடகை சைக்கிள் போதும். பணம் குறைவாக இருந்தால் கோர்த்தினாவில் தங்காமல் டோப்லாக்கில் தங்குங்கள்; ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, 1870-களில் ரயில்வே கம்பெனி கட்டிய பழைய கிராண்ட் ஹோட்டலில் இன்று இளைஞர் விடுதி நடக்கிறது.