இரண்டு வரி விளக்கங்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென வெளிவரும் துணைநூல்கள் பலவற்றில் இலக்கியச் சொற்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. உவமை, உருவகம், அந்தாதி, காப்பியம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். மதிப்பெண்ணுக்கு அது போதும். சுவைக்குப் போதுமா என்பதே நம் வினா.

‘கடல்போலும் கருணை’ உவமை. ‘கருணைக் கடல்’ உருவகம். சொல் இடம் மாறியதை மட்டுமே துணைநூல் காட்டுகிறது. முன்னதில் பொருள்கள் இரண்டு. பின்னதிலோ கருணையே கடலாகிவிடுகிறது. அதில் மூழ்கவும் முத்தெடுக்கவும் கரை காணாது திகைக்கவும் புலவனுக்கு வழி பிறக்கிறது. இதனைச் சொல்லாத விளக்கம் பாதி விளக்கமே.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகியன முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு ஈந்த இலக்கிய வகைகள். நம் பிள்ளைகளிற் பலரோ ‘மசலா’ என்றதும் அடுக்களையை நினைக்கின்றனர்! ‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பது பொருள். வினாவும் விடையுமாகவே நடப்பது இவ்வகை. 1572-இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’, அப்துல்லா இப்னு ஸலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தொடுத்த வினாக்களைப் பாடுகிறது. ‘உரையாடல் நூல்’ என்று எழுதிவிட்டால் அதன் உயிர் போய்விடும்; கேட்பவர் உண்மையைச் சோதித்தறிய வந்தவர் என்பதை மாணவன் உணர வேண்டும்.

மார்க்கச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் ஆலிமிடம் ‘மஸ்அலா’ கேட்கிறோமே, அச்சொல்தான் இது.