நினைவு தேறாவிட்டால் நடையும் வேண்டாமா?

தருவைகுளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மறதி நோய். பேரனின் பெயர் நினைவில்லை. கிழிந்த வலையைக் கையில் கொடுத்தால் மட்டும் கண்ணி பிசகாமல் முடிச்சிடுவார். அவருடைய மகன் என்னிடம் கேட்டார்: "உடற்பயிற்சியால் இந்த நோய்க்குப் பயனில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதாமே, சார்? அப்பாவை இனி எதற்கு நடக்கவைக்க வேண்டும்?"

அவர் குறிப்பிட்டது 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. நோயாளிகள் 494 பேர். அவர்களில் 329 பேருக்கு நான்கு மாதம் பயிற்சி அளித்தார்கள். ஓராண்டு முடிவில் நினைவாற்றல் தேறவில்லை, சற்றுக் குறைந்தேயிருந்தது. அன்றாடச் செயல்களிலும் முன்னேற்றமில்லை. இம்முடிவு நேர்மையானதே. ஆயினும், ஆறாவது வாரத்தில், ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் சுமார் 18 மீட்டர் கூடியிருந்தது. இச்செய்தி மகனின் காதுக்கு எட்டவில்லை.

ஆய்வின் மீது எனக்குள்ள குறை இரண்டு. முதலாவது, அதன் முதன்மை அளவுகோல் நினைவுச் சோதனை. வெப்பமானியைக் கொண்டு எடையை அளக்க முடியுமா? இரண்டாவது, நான்கு மாதத்துக்குப் பின் வீட்டில் மேற்பார்வையின்றிப் பயிற்சியைத் தொடரச் சொன்னார்கள். மறப்பதே நோயாக உள்ளவரிடம் இதை எதிர்பார்க்கலாமா?

2013-இல் வெளியான பின்லாந்து ஆய்வைப் பாருங்கள். அங்கே பயிற்சியாளர் வாரம் இருமுறை வீட்டுக்கே வந்தார், ஓராண்டு முழுவதும். நோய் எல்லோரையும் தளர்த்தியது. ஆனால் அன்றாடச் செயல்திறன் அளவுகோலில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்கள் சுமார் 14 புள்ளிகள் இழந்தபோது, வீட்டில் பயிற்சி பெற்றவர்கள் 7 புள்ளிகளே இழந்தனர். கீழே விழுவதும் குறைந்தது. 2023-இல் வெளியான மற்றோர் இங்கிலாந்து ஆய்வில், வீட்டுப் பயிற்சியால் இத்தகைய பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பௌதிகம் சொல்வது இது: 50 கிலோ உடலை நாற்காலியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயர்த்த ஏறத்தாழ 150 ஜூல் வேலை தேவை. அதைப் பெரியவரின் தொடைத் தசை செய்யாவிட்டால், மருமகளின் தோள்தான் செய்ய வேண்டும். பயன்படாத தசையோ நாளுக்கு நாள் மெலியும்.

மகனிடம் நான் சொன்னேன்: "பேரனின் பெயரை மீட்பதற்காக அல்ல, கழிப்பறைக்குத் தாமே போய்வருவதற்காக அப்பா நடக்கட்டும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, உறுதியான நாற்காலியில் தினமும் சில முறை எழுந்து உட்காரச் செய்யுங்கள். நீங்கள் அருகில் நில்லுங்கள். வலையையும் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள்."