இடக்கைக்கு ஒரு கத்திரி

தையல் கத்திரி ஒன்றை எடுத்து, முனை எதிரே பார்க்கும்படி பிடித்து, அதன் வாயைத் திறந்து பாருங்கள். மேலலகு வலப்பக்கம் நிற்கும், கீழலகு இடப்பக்கம். அதையே இடது கைக்கு மாற்றிப் பாருங்கள். மேலலகு அப்போதும் வலப்பக்கம்தான். குப்புறப் புரட்டிப் பிடித்தாலும் மேலே வருவது வலப்பக்கத்து அலகுதான். எப்படித் திருப்பினாலும் மாறாத இந்த ஒரு குணம் போதும், கத்திரி யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்ல. வலக்கைக்காரருக்காக.

அவருக்காக எத்தனை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வலது கையை மூடும்போது பெருவிரல் தன்போக்கில் வெளிப்பக்கம் தள்ளும், மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கையின் அமைப்பே அப்படி. அந்தத் தள்ளலும் இழுப்பும் சேர்ந்து இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று ஒட்டி உரச வைக்கின்றன. அலகுகள் உரசினால்தான் துணி வெட்டுப்படும். கத்திரியின் கூர்மையில் பாதி சாணையில் வருகிறது என்றால், மீதிப் பாதி பெருவிரலிலிருந்து வருகிறது. அடுத்தது கண். கத்திரி வலது கையில் இருக்க, தலை அதற்குச் சற்று இடப்பக்கம் இருக்கும். மேலலகு வலப்பக்கம் ஒதுங்கி நிற்பதால், சாக்பீஸ் கோடு வெட்டுப்படும் இடம் வரை பளிச்சென்று தெரியும். கையும் கண்ணும் கருவியும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

இனி அதே கத்திரியை ஒறட்டாங்கைக்காரர் எடுக்கிறார். அவருடைய பெருவிரலும் வெளிப்பக்கம்தான் தள்ளும். இடது கைக்கு அந்த வெளிப்பக்கம் எதிர்த்திசை. ஒட்ட வேண்டிய அலகுகள் விலகுகின்றன. நடுவில் மயிரிழை சந்து விழுகிறது. விறைப்பான காட்டன் சட்டைத்துணி என்றால் அந்தச் சந்தைப் பொறுத்துக்கொண்டு எப்படியோ வெட்டுப்படும். பனியன் துணி பொறுக்காது. மெல்லிய சிங்கிள் ஜெர்சி, இழுத்தால் இழுபடும் துணி, அந்தச் சந்துக்குள் மடிந்து நுழைந்துவிடும். கத்திரி மூடும், துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே தொங்கும். கத்திரி துணியை மெல்லுகிறது என்பார்கள். போதாததற்கு மேலலகு வந்து கோட்டை மறைத்து நிற்கிறது. கோட்டைப் பார்க்கக் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து எட்டிப் பார்க்க வேண்டும். பெருவிரல் ஓட்டையின் ஓரச்சரிவும் வலது பெருவிரலுக்கு ஏற்றபடி செதுக்கியது. இடது பெருவிரலின் அடியில் அது நாள் முழுக்க அழுத்தும்.

திருப்பூரில் இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. 1978 வாக்கில் இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊர்ப் பக்கம் வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். இன்று பல லட்சம் பேர் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறார்கள். உலகில் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர் என்பது பொதுக் கணக்கு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங், கைமடி, எந்த வேலையை எடுத்தாலும் ஓர் ஒறட்டாங்கை அங்கே இருந்தாக வேண்டும். நம் கண்ணில் அது அவ்வளவாகப் படாததற்குக் காரணம் அவர்களுடைய திறமை. வலக்கைக் கருவியோடு அவர்கள் அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கத்தை அருகில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் சேம்பிள் செக்‌ஷனுக்குப் போக வேண்டும். பெரிய ஆர்டர் என்றால் துணியை அடுக்கடுக்காகப் போட்டு நேர்கத்தி மெஷினால் அறுத்துவிடுவார்கள். அந்தக் கத்தி செங்குத்தாக நின்று மேலும் கீழும் ஓடுவது. வலது இடது என்ற பேதம் அதற்கு அதிகம் கிடையாது. இரும்பு வலைக் கையுறையில்கூட பல வகைகளைத் திருப்பிப் போட்டால் எந்தக் கைக்கும் சேரும். சேம்பிள் அப்படி இல்லை. பிட் சேம்பிளுக்கு ஒன்றோ இரண்டோ பீஸ். பேட்டர்ன் அட்டையை வைத்து வரைந்து, கையால் கத்திரி பிடித்து வெட்டுவதுதான் வழக்கம். கைக்குழி வளைவும் கழுத்து வளைவும் அங்கே கத்திரி முனையில்தான் பிறக்கின்றன.

அப்படி ஒரு செக்‌ஷனில் வெட்டும் அக்கா ஒருவரை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். இடது கை. கத்திரி சாதாரண வலக்கைக் கத்திரி. வெட்டு பிசிறில்லாமல் இருந்தது. எப்படி என்று விரல்களைக் கவனித்தால்தான் புரியும். கத்திரியை மூடும் ஒவ்வொரு முறையும் பெருவிரலை இயல்புக்கு மாறாக உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மற்ற நான்கு விரல்களையும் வெளிப்பக்கம் தள்ளுகிறார். கருவி விலக்க நினைத்த அலகுகளை விரல்களால் வம்படியாக ஒட்ட வைக்கிறார். தலை இடத்தோள் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. வலக்கைக்காரர் பீஸை இடப்பக்கம் வைத்து ஒரு சுற்றாக வெட்டி வந்தால், இவர் வலப்பக்கம் வைத்து எதிர்ச்சுற்றாக வருகிறார். பெருவிரலின் அடியில் காய்ப்பு ஏறிக் கிடக்கிறது. இத்தனை சரிக்கட்டலும் நொடிக்கு நொடி நடக்கிறது, அவருக்கே தெரியாமல். “எப்படிங்கக்கா வெட்டறீங்க?” என்று கேட்டதற்கு, “எல்லாரும் வெட்டற மாதிரிதானுங்க” என்றார். அந்தக் கை செய்துகொண்டிருந்த வேலையைப் பார்த்த எனக்கு அந்தப் பதில் பெரிய வியப்பு.

அவருக்கு இடக்கைக் கத்திரி ஒன்றை யாரோ வாங்கித் தந்தார்கள். இப்படி ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெயர்பெற்ற கத்திரி நிறுவனங்கள் இதைத் தனியாகவே செய்கின்றன. பின்லாந்தின் பிஸ்கார்ஸ் 1967இல் ஆரஞ்சு நிறப் பிடி போட்ட கத்திரியால் உலகப் புகழ் அடைந்தது. இடக்கைக்காரர்களுக்குச் செய்வதில் பிடி சிவப்பு. கூட்டத்தில் கலந்துவிடாமல் கண்டுபிடிக்க அந்த நிறம் உதவும். ஒன்று சொல்ல வேண்டும்: பிடியை மட்டும் இடது கைக்கு ஏற்றபடி வளைத்துவிட்டு அலகை மாற்றாமல் விற்பதும் உண்டு. அது இடக்கைக் கத்திரியே அல்ல. கண்ணாடியில் தெரியும் பிம்பம் எப்படி இருக்குமோ அப்படி, அலகே இடம் மாறி, மேலலகு இடப்பக்கம் நிற்க வேண்டும். வாங்குமுன் வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சரியான கருவி கைக்கு வந்ததும் எல்லாம் சுகமாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. புதுக் கத்திரியும் துணியை மென்றது. ஏனென்றால் பழைய கத்திரிக்காகப் பழகிய அந்தப் பெருவிரல் இழுப்பு கையில் அப்படியே இருக்கிறது. வலக்கைக் கத்திரியில் அலகுகளை ஒட்ட வைத்த அதே இழுப்பு, இடக்கைக் கத்திரியில் அலகுகளை விலக்குகிறது. தலை வழக்கம்போல் இடப்பக்கம் சாய்கிறது. இப்போது இடப்பக்கம் நிற்பது மேலலகு, ஆகவே சாய்ந்த தலைக்குக் கோடு மறைகிறது. ஆண்டுக்கணக்கில் கற்ற ஒவ்வொரு நுணுக்கமும் எதிராகத் திரும்பி நிற்கிறது. “எனக்குக் கைக்கு வரலீங்க” என்று அவர் கத்திரியை மேசையில் வைத்துவிட்டார். இயல்புக்கு மாறாகக் கற்றவருக்கு இயல்பும் ஒரு புதுப் பாடம்தான். எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

இதே பாடம் துப்பாக்கி சுடுவோரிடமும் இருக்கிறது. நம் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த 303 ரைபிளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, மடக்க வேண்டும். அந்தப் போல்ட்டின் பிடி வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரர் விசையிலிருந்து கையை எடுத்து அதை இயக்கிவிட்டு மறுபடி விசைக்கு வருவார். இடது கை துப்பாக்கியைத் தாங்கியபடியே இருக்கும். இடத்தோளில் வைத்துச் சுடுபவருக்குப் போல்ட் அந்தப் பக்கம். ஒன்று, கன்னத்தை எடுத்து இடது கையை மேலாகக் கொண்டுபோய் எட்டிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தாங்கும் வலது கையை விட்டு இயக்க வேண்டும். வெற்றுத் தோட்டா வேறு அவர் முகம் இருக்கும் வலப்பக்கமாகவே தெறித்து விழும். அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 1959இல் தன் 110 ரக ரைபிளை இடக்கைக்காரர்களுக்காகப் போல்ட்டை மாற்றி வைத்துப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது.

அதை வாங்கியவர்களிலும் தடுமாறுபவர்கள் உண்டு. காரணம் அழகானது. படுத்துக்கொண்டோ, தாங்கியில் வைத்தோ சுடும்போது துப்பாக்கியைத் தாங்கக் கை தேவையில்லை. அப்போது வலப்பக்கப் போல்ட்டை வலது கையால் இயக்கிக்கொண்டு, விசையில் இருக்கும் இடது கையை அசைக்காமலே வைத்திருக்கலாம். குறி கலையாது. குறை என்று தொடங்கியதை அவர்கள் வசதியாக்கிக்கொண்டார்கள். இடக்கை ரைபிளுக்கு மாறினால் அந்த வசதி போய்விடும். கை பழைய பக்கமே போல்ட்டைத் தேடும். ஆகவே சிலர் வலக்கை ரைபிளிலேயே நின்றுவிடுகிறார்கள். நின்றபடி, ஓடும் இலக்கைச் சுடுபவர்களோ மாறுவதுதான் நல்லது என்பார்கள். இருவர் சொல்வதும் சரி.

கத்திரியில் அப்படி ஒரு வசதி கிடையாது என்பதுதான் வேறுபாடு. அங்கே காய்ப்பும் கழுத்துவலியும் மட்டுமே மிச்சம். ஆகவே கத்திரி விஷயத்தில் மாறுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இடது கைக்கு நுண்வேலை வராது என்று இந்த ஊரில் யாரும் சொல்லவும் முடியாது. பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதர் ஊர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இயங்கியது. ராட்டையில் சக்கரத்தைச் சுற்றுவது வலது கை. பஞ்சிலிருந்து இழையை இழுத்து, தடிமன் பார்த்து, அறுந்துவிடாமல் நீட்டிக்கொண்டு போவது இடது கை. சுற்றுவது உழைப்பு, இழுப்பது கலை. அந்தக் கலை இடது கையில் இருந்தது. அந்த ராட்டையை நாட்டுக்குக் கொடுத்தவரும் இரு கையாலும் எழுதியவர். 1909இல் கப்பலில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதியபோது வலது கை சோர்ந்துபோக, சுமார் 40 பக்கங்களை காந்தி இடது கையால் எழுதினார்.

தையல் மெஷினிலும் இதைப் பார்க்கலாம். ஊசிக்கு வலப்பக்கம் மெஷினின் தூண் நிற்கிறது, ஆகவே துணியின் பெரும்பகுதி இடப்பக்கமே கிடக்க வேண்டும். ஓவர்லாக்கில் கத்தி வலப்பக்கம் பிசிறை அறுத்துத் தள்ள, உடம்புத்துணி முழுக்க இடது கையின் பொறுப்பில் வளைந்து திரும்புகிறது. இடக்கைக்காரர் தையலில் தடுமாறாமல், கத்திரியில் மட்டும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடி அந்த அக்காவிடம் வருகிறேன். மேசையில் வைத்த கத்திரியை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. அவசரமில்லாத நேரங்களில் எடுத்து வேஸ்ட் துணியில் வெட்டிப் பார்த்தார். முதலில் விரல்களைத் தளர விட்டார். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பிறகு தலையை நிமிர்த்தினார். கோடு தெரிந்தது. பழகிய பின் கைக்குழி வளைவை அவர் வெட்டுவதைப் பார்த்தேன். முன்பும் வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது கத்திரி வளைவின் நடுவில் நிற்கவே இல்லை. முன்பெல்லாம் வளைவில் இரண்டு மூன்று இடங்களில் நின்று, எட்டிப் பார்த்து, மறுபடி தொடங்குவார். அந்த நிறுத்தங்கள் போய்விட்டன. வளைவு ஒரே மூச்சில் வந்தது.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தபோது அவர் ஒரு கணம் திகைத்தார். அலகின் சரிவு பழகிய பக்கத்தில் இல்லை. கத்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லுக்கு மறுபக்கம் கையை மாற்றிப் பிடித்துத் தீட்டிக் கொடுத்தார். அதையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நல்ல தொழிலாளியின் மரியாதை அது.

கம்பெனி நடத்துபவர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சேம்பிள் செக்‌ஷனுக்குக் கத்திரி வாங்கும்போது, வெட்டுகிறவரை எந்தக் கை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இடது கை என்றால் அலகு மாறிய கத்திரி ஒன்று சேர்த்து வாங்குங்கள். முதல் சில வாரங்கள் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அந்த நாட்களுக்குப் பீஸ்ரேட் பார்க்காமல் ஷிப்ட் சம்பளம் கொடுங்கள்.