போகும்போது மட்டும் வரும் வண்டி

மலேசியாவின் குனோங் ராபாட்டில் அண்மையில் இன்னொரு வேனுக்குச் சாவி கொடுத்தார்கள். நிஜச் சாவி இல்லை. மூன்றடி நீளத்துக்கு அட்டையில் வெட்டிப் பொன்னிறக் காகிதம் ஒட்டிய சாவி. வெள்ளை நிற டொயோட்டா ஹையேஸ், இரண்டு பக்கமும் ஊதா எழுத்தில் 'அமரர் ஊர்தி', அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் கொடுத்தவர்களின் பெயர். பின்கதவைத் தூக்கிக் காட்டினார்கள். பெட்டியைத் தள்ளத் துருப்பிடிக்காத உருளைகள், அது நகராமலிருக்கக் கொக்கி, சொந்தக்காரர்கள் நான்கு பேர் உட்கார நீள இருக்கை, கூரையோரம் நிறம் மாறும் சரவிளக்கு, தேவாரம் போட ஸ்பீக்கர். பேச வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "உயிரோடு இருக்கும்போது நம்ம ஆளுக்குக் கிடைக்காத மரியாதை, போகும்போதாவது கிடைக்கட்டும்." கைத்தட்டல் அடங்க நேரமானது.

எனக்கு அன்று வடை தொண்டையில் இறங்கவில்லை.

பிண ஊர்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒடிசாவில் காலாஹண்டி மாவட்டத்தில் 2016 ஆகஸ்டில் ஒருவர் தன் மனைவியின் உடலைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மகள் அழுதுகொண்டே வர, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன்தான் நானும். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் 'மகாபிரயாண்' என்ற இலவச ஊர்தித் திட்டம் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இங்கே பள்ளிவாசல்கள் சந்தா பிரித்து ஜெனாசா வேன் வைத்திருக்கின்றன. சீனர்களுக்கு அவர்களுடைய சங்கங்களும் கடைகளும் உண்டு. நம் ஏழைக் குடும்பம் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கும் உடலை ராபாட்டுக்குக் கொண்டுவர வாடகை பேசி நிற்பது கொடுமை. அதைத் தீர்த்தவர்களுக்கு நன்றி.

ஆனால் ஒரு வண்டி வந்து அந்தக் குறை தீர்ந்த பிறகும் இரண்டாவது, மூன்றாவது என்று வந்துகொண்டே இருக்கிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கோயில் ஒன்று வாங்கினால் அடுத்த கோயிலுக்கும் வேண்டும். இந்தக் கட்சி கொடுத்தால் அந்தக் கட்சியும் கொடுக்கும். இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் "சாவிலும் அரசியல் பார்க்காதீங்க சார்" என்ற பதில்தான் வருகிறது. அரசியல் பார்ப்பது நானா?

கொடுப்பவர்களை விட்டு வண்டியைப் பார்ப்போம். உலகத்தில் சிறப்பு வண்டிகள் பெரும்பாலும் வேறொரு வண்டியின் உடம்பைக் கடன் வாங்கித்தான் செய்யப்படுகின்றன. நம் நாட்டில் ஆம்புலன்ஸ், பிண வண்டி, பள்ளி வேன், தொழிற்சாலை வேன் எல்லாம் பெரும்பாலும் அதே ஹையேஸ், அதே நிசான் அர்வான்தான். பெயிண்ட் மட்டும் வேறு. கவனிக்க வேண்டியது, செத்தவனை யாரோடு சேர்த்து வைத்தார்கள் என்பது. பிரிட்டனில் டெய்ம்லர் டிஎஸ்420 என்றொரு லிமோசின் 1968 முதல் 1992 வரை வந்தது. அரண்மனைக்கும் அதே கார், அதே அடிச்சட்டத்தில் பிண ஊர்தியும். அவர்கள் செத்தவனைப் பிரபுவோடு உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் நோயாளியோடு படுக்க வைத்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். ஜப்பானில் காரின் மேல் கோயில் கூரையையே கட்டித் தங்கமுலாம் பூசினார்கள். பிறகு அதைப் பார்த்தாலே மனசு கெடுகிறது என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுக்க, பல தகனக் கூடங்கள் அந்த வண்டியை உள்ளே விடுவதில்லை. இப்போது அங்கே சாதாரணக் கறுப்புக் கார்தான் அதிகம்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே லோரி. காலையில் ரப்பர் பால் ஏற்றும். மதியம் கட்டிப்பால் மூட்டை. பிள்ளை வலி எடுத்தால் தோட்டத்து மருந்தகத்து டிரெசர் சீட்டு எழுதிக் கொடுப்பார், பாய் விரித்து அதிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரியில் செத்தால் உடல் திரும்பி வருவதும் அதில்தான். வந்த இரவு தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் நீர் தெளிப்பார்கள். மறுநாள் காலை நாங்கள் அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போனோம். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டாரும் அதே தட்டில்தான் பலகை போட்டு உட்கார்ந்து வந்தார்கள், கட்டிப்பால் வாடையோடு. "இது பிண லோரி, நான் ஏற மாட்டேன்" என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. தோட்டத்தைப் பொற்காலமாக்க எனக்கு ஆசையில்லை. அந்த லோரித் தட்டில், மண்சாலைக் குலுக்கலில், ஆஸ்பத்திரி வாசல் பார்க்காமலே போனவர்கள் உண்டு. நான் சொல்வது வேறு. அந்த லோரி எங்களுக்குள் உயிரோடு இருப்பவன், செத்தவன் என்று வண்டி பிரிக்கவில்லை.

இன்று பிரித்துவிட்டோம். 'அமரர் ஊர்தி' என்று ஒரு தரம் எழுதிவிட்டால், நம்மில் யாரும் உயிரோடு அதில் ஏறமாட்டார்கள். வாசலில் நிறுத்தவே விடமாட்டார்கள். சாவு இல்லாத நாளெல்லாம் அந்த ஹையேஸ் கோயில் கொட்டகையில் போர்வை மூடிக் கிடக்கிறது.

அதே நாட்களில் வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவு முற்றினால் கால் போகும், கண் போகும், சிறுநீரகம் போகும். நாட்டில் டயலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேருக்கு மேல். சிகிச்சைக் கட்டணத்துக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ இருக்கிறது, அரசு உதவி இருக்கிறது, தர்ம நிலையங்கள் இருக்கின்றன, எப்படியோ ஓடுகிறது. வீட்டு வாசலிலிருந்து நிலையத்தின் கட்டில் வரை கொண்டுபோவது யார்?

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். வாரம் மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம் அவருக்கு டயலிசிஸ். விடியற்காலை முதல் ஷிஃப்ட். பின்னால் கடைக்காரர்கள் ஹியோங் பியா பலகார அடுப்பு மூட்டும் முன்பே, இருட்டில், சுண்ணாம்புக் குன்றுகள் இன்னும் கறுப்பாக நிற்கும்போதே, அவர் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். மடியில் ஒரு போர்வை, ஒரு பிஸ்கட் பொட்டலம். மகன் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவான். போவதாவது பரவாயில்லை. திரும்பும்போதுதான் பாடு. இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி, ஊசி எடுத்த கையைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் எப்படி ஏறுவது? கிராப் கூப்பிட்டால், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ரத்து செய்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒருமுறை அப்படி ரத்தான பிறகு, அவரை நானே கொண்டுவந்தேன். என் கார் ஆசனம் தாழ்வு. உட்காரவைக்கவே ஐந்து நிமிடம் ஆனது. வரும் வழியில் கோயில் கொட்டகையைத் தாண்டினோம். அக்கா கண்ணாடி வழியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது எனக்கும் வரும் தம்பி, ஒரு நாளைக்கு."

கணக்குப் போடுங்கள். வாரம் மூன்று என்றால் வருடத்துக்கு 156 முறை. போக வர 312 பயணம். அந்த 312க்கும் வண்டி கிடையாது. முந்நூற்றுப் பதின்மூன்றாவது பயணத்துக்கு மட்டும் விளக்கு, ஸ்பீக்கர், உருளை எல்லாம் வைத்து ஒரு ஹையேஸ் தயாராக நிற்கிறது.

ஏன் இப்படி? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். சாவுக்கு ஊர் கூடுகிறது. இருநூறு பேர் வாசலில் நிற்கும் நேரத்தில், எல்லோர் கண்ணும் வண்டியின் மேல் இருக்கும்போது, அதன் பக்கவாட்டில் பெயர் இருக்கிறது. விடியற்காலை டயலிசிஸ் நிலையத்தின் முன்னால் யார் கூடுகிறார்கள்? பாதுகாவலர் ஒருவர், பூனை ஒன்று. செத்தவர் படி உயரம் என்று புகார் சொல்லமாட்டார், இன்றைக்கு ஏன் அரை மணி நேரம் தாமதம் என்று கேட்கமாட்டார், நாளைக்கும் வா என்று சொல்லமாட்டார். கொடுப்பவருக்கு இதைவிடத் தொல்லையில்லாத பயணி கிடைக்கவே மாட்டார். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டோம். நான் விளம்பரம் என்பேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். கொடுப்பவர் எல்லோரும் அப்படியில்லை. தாய் தகப்பன் நினைவாக, பெயரைக்கூடச் சொல்லாமல் காசோலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பணமும் கடைசியில் அந்தக் கொட்டகையில்தான் போர்வை மூடிக் கிடக்கிறது.

இதற்கு ஒரு சமாதானம் தயாராக வைத்திருக்கிறார்கள்: "ஒரே வேன், ரெண்டு வேலை. ஒரு ஸ்ட்ரெச்சரும் போட்டுவிட்டால் ஆம்புலன்சாகவும் ஓடும்." அமெரிக்கா இதைச் செய்து பார்த்துக் கைவிட்ட நாடு. அங்கே நீளமான காடிலாக் ஒன்று காலையில் நோயாளியை ஏற்றும், மாலையில் பிணத்தை ஏற்றும். 1966இல் அந்நாட்டு அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை 12,000 ஈமச்சடங்குக் கடைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள் என்று எழுதியது. காரணம், படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நோயாளி பிழைத்தாலும் கூலி, பிழைக்காவிட்டாலும் கூலி. தாழ்ந்த கூரைக்குள் ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய இடமில்லை. செய்யத் தெரிந்தவனும் பெரும்பாலும் இல்லை. பிட்ஸ்பர்க் நகரில் அப்போது நோயாளியைப் பெரும்பாலும் போலீஸ் வேனில்தான் தூக்கிப்போட்டுப் போவார்கள். அங்கே 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது, வேலையில்லாமல் திரிந்த கறுப்பின இளைஞர்களைப் பிடித்து முதலுதவியும் அதற்கு மேலும் கற்றுக் கொடுத்தார்கள். பின்னால் வந்த அவசர மருத்துவ உதவிக்கு அவர்கள் முன்மாதிரி. மாற்றத்தைக் கொண்டுவந்தது வண்டி இல்லை, பின்னால் உட்கார்ந்த ஆள். நம் கொட்டகை வேனில் பின்னால் உட்காரப்போவது யார்? ஆபத்தென்றால் 999 இருக்கிறது. அதோடு போட்டி போட நமக்கு ஆளும் இல்லை, படிப்பும் இல்லை. அக்காவுக்குத் தேவை சைரன் வைத்த வண்டியும் இல்லை. தாழ்ந்த படி, ஒரு சரிவுப் பலகை, சக்கர நாற்காலியைக் கட்டிவைக்க இடம், நேரத்துக்கு வரும் ஓட்டுநர். இவ்வளவுதான்.

ஓட்டுநர் என்றால் சம்பளம், செலவு. அந்தப் பேச்சு வந்ததும் கோயில் கூட்டத்தில் அமைதி வந்துவிடும். 2008இல் திரங்கானு மாநில அரசு, தன் புரோட்டான் பெர்டானா கார்களின் பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 14 மெர்சிடிஸ் கார் வாங்கியபோது நாடே கூச்சல் போட்டது. நியாயமான கூச்சல். ஆனால் அங்கே பராமரிப்புச் செலவு என்ற சொல்லாவது மேசைக்கு வந்தது. நம் சாவி கொடுக்கும் விழாக்களில் அதை ஒருத்தரும் எடுப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஓடும் வேனுக்கு எண்ணெய், டயர், காப்புறுதி, ஓட்டுநர் சம்பளம் மாதாமாதம் வேண்டும். மாதாமாதம் சாவி கொடுத்துப் படம் பிடிக்க முடியாது. கேட்டால், "முதலில் வண்டி வரட்டும் சார்" என்கிறார்கள். பிண ஊர்திக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ஓடாத நாள்தானே அதிகம்.

ராபாட், சிம்பாங் பூலாய் வட்டாரத்துக் கோயில் செயலவைகளில் எனக்கு நண்பர்கள் உண்டு. இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வார்கள். கோபம் ஆறிய பிறகு ஒன்று செய்யுங்கள். அடுத்த வேனுக்கு வசூல் தொடங்கும் முன், உங்கள் உறுப்பினர் வீடுகளில் டயலிசிஸ் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நாள், எந்த நிலையம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறகு வண்டி வாங்குங்கள். பக்கவாட்டில் உங்கள் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். 'அமரர்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். படியைத் தாழ்வாக வையுங்கள்.